பள்ளிக்கு முற்பட்ட ஆறு ஆண்டுகள்: குழந்தைப் பராமரிப்பும் பொதுச் செலவும்

கல்விக்காகும் செலவைக் கணக்கிடுவோர் வழக்கமாகப் பள்ளிக்கூட வாசலிலிருந்தே தம் கணக்கைத் தொடங்குகின்றனர். முதல் வகுப்பில் பெயர் பதிவாகும் நாளிலிருந்துதான் ஒரு குழந்தை கல்வித் துறையின் ஏடுகளில் இடம் பெறுகிறது. ஆனால் அந்த வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே அக்குழந்தையின் உடலும் மூளையும் தம் வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கடந்துவிடுகின்றன. கணக்கில் வராத அந்த ஆறு ஆண்டுகளுக்குப் பொதுப் பணத்தைச் செலவிடுவது ஏன் இன்றியமையாதது, நம் நாட்டில் அதற்குச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகள் யாவை, இன்னும் எஞ்சியுள்ள குறைகள் யாவை என்பன இப்பாடத்தின் பொருளாகும்.

மூளை வளர்ச்சியும் பருவமும்

பிறந்த சிசுவின் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உடையது. இரண்டாம் ஆண்டு நிறைவில் அது நான்கில் மூன்று பங்கை எட்டுகிறது. ஆறாம் வயதில் பத்தில் ஒன்பது பங்களவுக்கு வந்துவிடுகிறது. வளர்வது எடை மட்டுமன்று. நரம்பணுக்களுக்கு இடையே கணக்கற்ற இணைப்புகள் இப்பருவத்தில் உண்டாகின்றன. அவற்றுள் அடிக்கடி பயன்படுவன வலுப்பெறுகின்றன. பயன்படாதன நாளடைவில் நீங்கிவிடுகின்றன. குழந்தையுடன் பேசுவதும், அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி தருவதும், கையில் பொருளைக் கொடுத்து விளையாட விடுவதும் அன்பின் வெளிப்பாடு மட்டுமல்ல. மூளையின் கட்டுமானத்திற்கு வேண்டிய வேலைகளுமாகும்.

இக்கட்டுமானத்திற்கு உணவும் வேண்டும். புரதமும் இரும்புச் சத்தும் அயோடினும் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சி தடைப்படும். கவனமும் கற்கும் திறனும் குன்றும். பட்டம் தவறிய பயிருக்குப் பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் முழு விளைச்சல் கிடைப்பதில்லை. முதல் ஆண்டுகளில் நேர்ந்த குறையைப் பின்னாளில் ஓரளவு ஈடுசெய்யலாமெனினும், அதற்காகும் முயற்சியும் செலவும் மிகுதி.

நம் நாட்டின் நிலையைத் தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டுகின்றன. 2015-16ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 38.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவராயிருந்தனர். 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் இது 35.5 விழுக்காடாகக் குறைந்தது. வயதுக்கேற்ற எடை இல்லாதோர் 35.8 விழுக்காட்டிலிருந்து 32.1 ஆயினர். முன்னேற்றம் உண்டு என்பது மெய். எனினும் மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் உயரம் குன்றியிருப்பது, முதல் வகுப்பில் அமரும் மாணவர்களுள் பலர் ஏற்கெனவே பின்தங்கி வருகின்றனர் என்பதையே உணர்த்துகிறது.

குடும்பத்தின் கடமை மட்டுமா?

குழந்தையை வளர்ப்பது பெற்றோரின் கடமையாயிற்றே, அரசாங்கம் இதில் செலவிடுவானேன் என்று கிராமக் கூட்டங்களில் கேட்பவர் உண்டு. இவ்வினாவை ஒதுக்கிவிடாமல் விடை கூறுவது களப்பணியாளரின் பொறுப்பாகும்.

முதலாவது, ஏழைக் குடும்பத்தில் தாயும் உழைத்தாக வேண்டும். வயலிலும் செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் அவள் நாள் முழுதும் நிற்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? மரக்கிளையில் கட்டிய தூளியிலோ, மணற் குவியலின் ஓரத்திலோ, அல்லது எட்டு வயது அக்காளின் இடுப்பிலோ இருக்கும். அக்காளின் இடுப்பில் இருக்குமாயின், அந்தச் சிறுமியின் பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. ஒரு குழந்தைக்குப் பராமரிப்பு இன்மையால் இரண்டு குழந்தைகளின் கல்வி கெடுகிறது. தாயின் கூலியும் குறைகிறது.

இரண்டாவது, இச்செலவின் பயன் உடனே கிடைப்பதன்று. பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே முழுமையாகத் தெரியவரும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. குழந்தையின் எதிர்கால வருவாயை ஈடாகக் காட்டிக் கடன் பெறவும் வழியில்லை. வேண்டிய செலவைச் செய்ய மனமிருந்தும் பணமிராது.

மூன்றாவது, பயன் அக்குடும்பத்தோடு நிற்பதில்லை. நோய் குறைந்தால் மருத்துவமனைச் செலவு குறைகிறது. ஒரே வகுப்பில் மீண்டும் தங்கும் மாணவர் குறைந்தால் பள்ளிச் செலவு வீணாவதில்லை. ஏரிக்கரையைத் தனியொரு குடியானவன் கட்டுவதில்லை. அதன் நீர் எல்லா வயல்களுக்கும் பாய்வதால் ஊரே சேர்ந்து கட்டுகிறது. தடுப்பூசிக்கும் துவக்கப் பள்ளிக்கும் பொதுப் பணம் செலவிடப்படுவது இந்த நியாயத்தினால்தான். அதே நியாயம் பள்ளிக்கு முற்பட்ட பருவத்திற்கும் பொருந்தும்.

கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகள் நகரங்களில் பெருகியுள்ளனவே, அவை போதாவா என்று கேட்கலாம். கட்டணம் செலுத்தக்கூடியவர் உள்ள இடத்திலேயே அவை தோன்றும். தேவை மிகுதியாகவுள்ள மலைக் கிராமத்திலும் குடிசைப் பகுதியிலும் அவை தோன்றுவது அரிது.

முன்னோடிகளின் பணி

இந்தியாவில் இத்துறை அரசாங்கத் திட்டமாகத் தோன்றுமுன் தனி மனிதர்களின் தொண்டாகத் தொடங்கியது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ல் பாவநகரில் பால மந்திரத்தை நிறுவினார். இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆயினும் மாண்டிசோரி முறைக்கு வேண்டிய கருவிகள் விலை மிகுந்தவை. கிராமத்தார் வாங்க இயலாதவை.

இத்தடையைக் கடக்க வழி கண்டவர் மகாராஷ்டிரத்தின் தாராபாய் மோடக் ஆவார். இவரும் இவருடைய சக ஊழியர் அனுதாய் வாக்கும் 1945-ல் போர்டி கிராமத்தில் பணியைத் தொடங்கினர். பின்னர் கோஸ்பாடு மலைப் பகுதியின் ஆதிவாசிக் குழந்தைகளிடையே அதனைத் தொடர்ந்தனர். விதைகள், கூழாங்கற்கள், இலைகள், களிமண் ஆகிய உள்ளூர்ப் பொருள்களே அங்கே கல்விக் கருவிகளாயின. குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியே குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. முற்றத்துப் பள்ளி என்னும் பொருளுடைய அங்கன்வாடி என்ற சொல் இவ்வாறு வழக்கிற்கு வந்தது.

1953-ல் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியம் பாலவாடிகளுக்கு உதவி அளித்தது. 1969-ல் டில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் குழந்தைகள் காப்பகம், வேலையிடத்திலேயே குழந்தைகளைப் பேணுதல் இயலும் என்பதை மெய்ப்பித்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, உணவும் உடல்நலமும் கல்வியும் ஒரே இடத்தில் இணைந்து கிடைக்கவேண்டும் என்ற கருத்தை 1972-ல் முன்வைத்தது. 1974-ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அவற்றுள் 18 கிராமப் பகுதிகள், 11 ஆதிவாசிப் பகுதிகள், 4 நகரப் பகுதிகள்.

அங்கன்வாடியின் ஆறு பணிகள்

இத்திட்டம் ஆறு பணிகளைக் கொண்டது: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி, முன்பள்ளிக் கல்வி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இப்பணிகளுக்கு உரியோர். 2021-ல் இத்திட்டம் ஊட்டச்சத்துத் திட்டங்களுடன் இணைக்கப்பட்டு, சக்ஷம் அங்கன்வாடி, போஷண் 2.0 என்னும் பெயர் பெற்றது. நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன.

ஆறு பணிகளும் ஒரே கூரையின்கீழ் ஏன் அமையவேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குழந்தையின் எடை மாதந்தோறும் வளர்ச்சி அட்டையில் குறிக்கப்படுகிறது. இரண்டு மாதமாக எடைக்கோடு மேலே ஏறவில்லை. இதற்கு உணவுக் குறைவு காரணமாயிருக்கலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்டிருக்கலாம். தாய் வேலைக்குச் செல்வதால் பகலில் ஊட்டுவார் இல்லாதிருக்கலாம். உணவு மட்டும் வழங்கும் நிலையம் முதற் காரணத்தையே நோக்கும். மருந்து மட்டும் தரும் நிலையம் இரண்டாவதை மட்டுமே நோக்கும். மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து தாயிடம் பேசக்கூடியவர் அதே தெருவில் பணியாற்றும் அங்கன்வாடிப் பணியாளரே.

சட்டத்தின் துணை

இப்பணி தருமமாகத் தொடங்கிற்றெனினும் இன்று உரிமையாக வளர்ந்துள்ளது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தினால், ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டுமென்று அரசியலமைப்பின் 45ஆவது உறுப்பு கூறுகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள கல்வியோ 21அ உறுப்பின்படி அடிப்படை உரிமையாகும். முன்னது அரசின் முயற்சிக்கு உரியது; பின்னது நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்கது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009, மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பள்ளிக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றே கூறுகிறது; செய்தே தீரவேண்டும் என்று கூறவில்லை.

உணவைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் உறுதியாக நிற்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வாயிலாக இலவச உணவை உரிமையாக்கியது. நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தருதல் வேண்டுமென்று அச்சட்டத்தின் அட்டவணை நிர்ணயித்தது.

களப்பணியாளர் தவறாது அறிந்திருக்க வேண்டியது உச்ச நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் 13ஆம் நாளைய ஆணை. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேராவது இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லாவிடில், கிராமத்தாரோ குடிசைப் பகுதி மக்களோ கோரிய நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் மையம் அமைக்கப்படவேண்டும் என்று அந்த ஆணை கூறிற்று. குழந்தைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக் கோரிக்கையை எழுத்தில் அளிக்க மக்களுக்குத் துணை நிற்பது களப்பணியாளர் செய்யத்தக்க உதவியாகும்.

ஆராய்ச்சிகள் உணர்த்துவது

இரண்டு ஆராய்ச்சிகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. முதலாவது ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-ல் தொடங்கியது. உயரம் குன்றிய 129 குழந்தைகள் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட பருவத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு முறை சென்று, குழந்தையுடன் பேசவும் விளையாடவும் தாய்மாருக்குக் கற்பித்தனர். இது இரண்டாண்டுகள் நடந்தது. சில குழந்தைகளுக்கு இணை உணவும் தரப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருவாய் அதனைப் பெறாதவர்களின் வருவாயைவிடச் சுமார் 25 விழுக்காடு மிகுந்திருந்தது. இணை உணவு மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. உணவு வேண்டாமென்பது இதன் பொருளன்று. உணவு மட்டும் போதாது என்பதே பொருள்.

இரண்டாவது ஆராய்ச்சி தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் நடந்தது. 640 மையங்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்த 320 மையங்களுக்கு, முன்பள்ளிக் கல்விக்கென்றே அரைநாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. பதினெட்டு மாதங்களுக்குப் பின் குழந்தைகளின் கணக்குத் திறனும் மொழித் திறனும் மற்ற மையங்களைவிட உயர்ந்திருந்தன. அத்துடன் உயரக் குறைவும் கடுமையான ஊட்டக் குறைவும் தணிந்திருந்தன. கல்விக்கென நியமிக்கப்பட்டவரால் ஊட்டமும் பெருகியது எவ்வாறு? பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து, சுகாதாரப் பணிகளுக்கு ஓய்வான நேரம் கிடைத்தமையே காரணம். கூடுதலாகச் செய்த செலவைவிட எதிர்பார்க்கப்படும் பயன் பன்மடங்கு மிகுதியென ஆய்வாளர்கள் கணித்தனர்.

எஞ்சியுள்ள குறைகள்

முதற் குறை மூன்று வயதுக்குட்பட்டோர் பற்றியது. மூளை மிக விரைவாக வளரும் இப்பருவத்தினர் அங்கன்வாடியில் பெரும்பாலும் வீட்டிற்கு எடுத்துச் செல்லும் உணவையே பெறுகின்றனர். பகல் முழுதும் தங்கிப் பராமரிக்கப்படும் வசதி மிகக் குறைவு. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டமும், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கின. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கு அதனை விரித்தது. ஆனால் இந்தியப் பெண்களுள் பெரும்பாலோர் உழைப்பது இத்தகைய நிறுவனங்களில் அன்று. வயல்களிலும் வீடுகளிலும் சிறு வேலைத்தலங்களிலுமே. நிறுவனத்தின் பெயரேடு இல்லாத தாய்க்கு நிறுவனச் சட்டம் துணை செய்ய இயலாது. ஆகவே அவளுக்கு அரசின் காப்பகமே வழி. 2022-ல் வகுக்கப்பட்ட பால்னா திட்டம் அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைப்பதற்கு இடமளித்தது. கர்நாடகம் 2023-ல் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் கூசின மனெ என்னும் காப்பகங்களைத் தொடங்கியது. இவை நல்ல தொடக்கங்களே. நாட்டின் தேவையோ மிகப் பெரிது.

இரண்டாவது குறை நேரம். நடுப்பகலில் மையம் மூடப்படுமாயின், மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு அதனால் முழுப் பயன் இல்லை. மூன்றாவது குறை பணியாளர் நிலை. ஒரே பணியாளர் கற்பித்தலையும் எடை பார்த்தலையும் வீடு செல்லுதலையும் பதிவேடுகளையும் ஒருசேரச் சுமக்கிறார். 2018 அக்டோபரில் மத்திய அரசுத் திட்டத்தின்படி இவர்தம் மாத மதிப்பூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. இவர்கள் பணிக்கொடைக்கு உரியோர் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஊதியம் என்னாமல் மதிப்பூதியம் என்று வழங்கும்வரை, இவ்வேலை பயிற்சியும் திறமையும் வேண்டும் தொழில் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றுவது கடினம். புதிய கட்டடங்களுக்கு ஒதுக்கும் தொகையைப் போன்றே, பணியாளருக்கு ஒதுக்கும் தொகையும் முதலீடு என்று கருதப்படல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டது. எனவே துவக்கப் பள்ளி ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே பாதையின் இரு பகுதிகளுக்குப் பொறுப்பாளர் ஆகின்றனர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆசிரியர் மையத்திற்குச் சென்று, அடுத்த ஆண்டு தம் வகுப்பிற்கு வரவிருக்கும் குழந்தைகளைக் காண்பது நன்று.

முன்பள்ளிக் கல்வி என்பது முதல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே திணிப்பதன்று. மூன்று வயதுக் குழந்தையின் விரல் தசைகள் எழுதுகோலைப் பிடிக்கப் பக்குவம் அடைந்திருப்பதில்லை. புளியங்கொட்டைகளைப் பெரியது சிறியது எனப் பிரிப்பதும், மணலில் கோடு இழுப்பதும், கதையைக் கேட்டு அடுத்து என்ன நேரும் என்று ஊகிப்பதும், தன் முறைக்காகக் காத்திருப்பதும் இவ்வயதின் பாடங்கள். கொட்டைகளைப் பிரித்துப் பழகிய குழந்தைக்கு எண்ணின் கருத்து எளிதில் விளங்கும். கதை கேட்டுப் பழகிய குழந்தைக்கு வாசிப்பதன் நோக்கம் புரியும். இவை யாவும் குழந்தையின் தாய்மொழியிலேயே நடைபெறல் வேண்டும். பெற்றோர் சிலேட்டு நிறைய எழுத்தை எதிர்பார்த்து, விளையாட்டை வீண்பொழுதெனக் கருதுவர். அவர்களை மையத்திற்கு அழைத்து, விளையாட்டின் உட்பொருளை நேரில் காட்டுதலே தக்க மறுமொழியாகும்.

கிராம சபையில் சாலைக்கும் சாக்கடைக்கும் கோரிக்கை எழுவது போல, மையத்தின் குடிநீருக்கும் கழிப்பிடத்திற்கும் நேர நீட்டிப்புக்கும் கோரிக்கை எழவேண்டும். குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களின் தேவையை எடுத்துரைப்பவர் அவர்களை நாள்தோறும் காண்பவராகவே இருத்தல் கூடும்.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. உங்கள் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அங்கன்வாடி இல்லாத குடியிருப்புகள் உள்ளனவா? அவற்றுள் நாற்பது குழந்தைகளுக்குக் குறையாதவை எவை?

2. தாய் வேலைக்குச் செல்லும் பத்துக் குடும்பங்களைக் கண்டு, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று குறித்துக்கொள்க. அவருள் பள்ளி வயதினர் எத்தனை பேர்?

3. ஒரு மையத்தில் ஒரு வாரம், பணியாளரின் நேரம் கற்பித்தல், உணவு, வீடு செல்லுதல், பதிவேடு ஆகியவற்றுள் எவ்வாறு பிரிகிறது என்று கணக்கிடுக. கூடுதல் பணியாளர் ஒருவர் வந்தால் எப்பணி முதலில் சீர்படும்?

4. ஜமைக்கா ஆராய்ச்சியின் முடிவையும் தமிழ்நாட்டு ஆராய்ச்சியின் முடிவையும் ஒப்பிட்டு, உணவுக்கும் கற்பித்தலுக்கும் உள்ள தொடர்பைக் கிராமத்தார்க்கு விளங்குமாறு எளிய சொற்களில் எழுதுக.